பூமிக்கு வயது கேட்டு ஒரு பயணம்: ஸ்காட்லாந்து நாட்குறிப்பு

ஜூன் 9, கிளாஸ்கோ

காலை நாலரை மணிக்கே ஜன்னலில் வெயில் அடிக்கிறது. ஆனால் வெளியே போனால் ஸ்வெட்டர், அதன்மேல் மழைச்சட்டை, காதை மூடக் குல்லாய். இதுதான் இங்கே கோடைக்காலமாம். தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் விடுமுறை. கோட்டை, ஏரி, விஸ்கி ஆலை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார். "மாப்ள, என்கிட்ட வேற பட்டியல் இருக்கு" என்று என் தாளை நீட்டினேன். முழுக்கப் பாறையும் மலையும். அவர் சிவில் இன்ஜினியர், மண்ணைச் சோதித்துச் சம்பளம் வாங்குபவர். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

பட்டியலுக்குக் காரணம் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. "சார், நேத்து சரின்னு சொன்னது இன்னிக்குத் தப்புன்னா, இன்னிக்குச் சொல்றதும் நாளைக்குத் தப்பாயிடும்ல? அப்புறம் எதுக்கு சார் படிக்கணும்?" இதற்குப் பதில் சொல்ல ஒரு பீரியட் போதாது. அறிவியல் பலமுறை தன்னைத் திருத்திக்கொண்ட இடங்கள் ஸ்காட்லாந்தில் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. நேரில் பார்த்துவிட்டு அவளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம். உள்ளே ஹண்டேரியன் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 22 வயதில், 1846ல், இங்கே பேராசிரியராக வந்த வில்லியம் தாம்சன் 1899 வரை இதே ஊரில் பாடம் நடத்தினார். பின்னாளில் பிரபு பட்டம் கிடைத்தபோது, பல்கலைக்கழகத்துக்குக் கீழே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டார். வெப்பநிலையை அளக்கும் கெல்வின் அவர்தான். கடலடித் தந்திக்காக அவர் செய்த கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பித்தளைத் திருகுகளின் மரை இன்னும் கூராக இருக்கிறது. அளப்பதற்காகவே பிறந்த மனிதர்.

அவர் பூமியின் வயதையும் அளக்கப் பார்த்தார். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்தால், அணைத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம் இல்லையா? அதே யோசனைதான். பூமி உருகிய நிலையில் தொடங்கியது, அன்றிலிருந்து ஆறிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொண்டார். சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு எவ்வளவு ஏறுகிறது, பாறை வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை எடுத்துக் கணக்குப் போட்டார். 1862ல் வந்த விடை 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள். கருவிகளும் தரவுகளும் தேறத் தேற வரம்பு குறுகியது. 1897ல் அவர் சொன்னது 2 கோடியிலிருந்து 4 கோடி.

இன்று நாம் சொல்லும் வயது 454 கோடி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 35 ஆண்டுகளில் கெல்வினின் கணக்கு மேலும் மேலும் துல்லியமானது. ஆனால் உண்மையிலிருந்து மேலும் மேலும் விலகிப்போனது. வரம்பு சுருங்குவது வேறு, உண்மையை நெருங்குவது வேறு. இதைத்தான் அவளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

எங்கே தவறியது? கதிரியக்கம் (சில அணுக்கள் தாமாகச் சிதைந்து வெப்பம் விடுவது) அவருக்குத் தெரியாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அந்த வெப்பத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்த்தால் விடை பெரிதாக மாறாது. பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஜான் பெர்ரி, கெல்வினிடமே உதவியாளராக இருந்தவர். 1895ல் அவர் சொன்னார்: பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருளாக இல்லாமல் மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தால், ஆழத்துச் சூடு மேலே வந்துகொண்டே இருக்கும். தோசைக்கல்லுக்குப் பதில் கிண்டிக்கொண்டிருக்கும் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வயது 200, 300 கோடி ஆண்டுகள் வரைகூடப் போகலாம். குருவை மதித்துக்கொண்டே எழுதினார். குரு ஏற்கவில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் யூனிவர்சிட்டி கார்டன்ஸ் தெரு. 11ஆம் எண் வீட்டில் 1913ல் நடந்த ஒரு விருந்தில்தான், ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களுக்கு ஐசோடோப் என்ற பெயர் பிறந்தது. மார்கரெட் டாட் என்ற மருத்துவர் அந்தச் சொல்லைத் தர, வேதியியலாளர் ஃபிரெடரிக் சோடி எடுத்துக்கொண்டார். பாறையின் வயதைக் கெல்வினுக்கு எதிராகச் சொன்ன கடிகாரம் அந்த ஐசோடோப்புகள்தான். மாப்பிள்ளை வாசலில் நின்று என்னைப் படம் எடுத்தார். உள்ளேயிருந்து வந்த மாணவி, நாங்கள் வழிவிடும் முன்னே, "சாரி" என்று அவளே ஒதுங்கினாள். இந்த ஊரில் இடித்தவரும் சாரி சொல்கிறார், இடிபட்டவரும் சாரி சொல்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒருவர் விடாமல் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள்.

ஜூன் 10, கிளென் ராய்

லோமண்ட் ஏரிக்கரை வழியாக, கிளென்கோ தாண்டி, ஃபோர்ட் வில்லியம் ஊரில் டீசல் போட்டு, ராய்பிரிட்ஜ் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வழியில் ஒரு கடையில் ஸ்கோனும் டீயும் இரண்டு பேருக்கு 11 பவுண்டு. மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

ராய்பிரிட்ஜிலிருந்து பள்ளத்தாக்குக்குள் போகும் பாதையில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அகலமான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். ஒதுங்கியவருக்கு மற்றவர் கை உயர்த்திக் காட்ட வேண்டும், அது எழுதாத சட்டம். நம்மூர்ப் பாலத்தில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லி மாப்பிள்ளை சிரித்தார்.

பார்வை மேடையிலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்கின் இருபக்க மலைகளிலும் மூன்று கோடுகள். ஏறத்தாழ 260, 325, 350 மீட்டர் உயரங்களில், கிடைமட்டமாக, மலை வளையும் இடமெல்லாம் வளைந்து, எதிர்மலையிலும் அதே உயரத்தில். ரசமட்டம் வைத்துப் போட்டமாதிரி இருக்கிறது. புராண வீரன் ஃபிங்கலின் வேட்டைப்பாதைகள் என்று இங்குள்ளவர்கள் முன்னே சொல்லி வந்தார்கள்.

1838 ஜூனில், இதே மாதத்தில், சார்ல்ஸ் டார்வின் இங்கே வந்து பல நாள் நடந்தார். அப்போது அவருக்கு 29 வயது. தென் அமெரிக்கக் கரையில் நிலம் கடலிலிருந்து உயர்ந்ததைக் கண்ணால் கண்டு திரும்பியிருந்தார். ஆகவே இந்தக் கோடுகள் பழைய கடற்கரைகள், நிலம் உயர உயரக் கடல் இறங்கிய தடங்கள் என்று 1839ல் நீண்ட கட்டுரை எழுதினார். ஏரியின் கரையாக இருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில்: ஏரி என்றால் அணை எங்கே? இவ்வளவு பெரிய அணை சுவடில்லாமல் எப்படி மறையும்? நியாயமான கேள்விதான். கடற்சிப்பி ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்திலிருந்து லூயி அகாசி வந்தார். பனியாறுகளை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அணை பனிக்கட்டி, அது உருகிப் போனது என்றார். 1860களின் தொடக்கத்தில் தாமஸ் ஜேமிசன் என்பவர் ஒவ்வொரு கோட்டையும் பள்ளத்தாக்கின் வடிகால் கணவாய்களோடு பொருத்திக் காட்டினார். ஒவ்வொரு கோட்டின் உயரமும் ஏரித்தண்ணீர் வழிந்து வெளியேறிய ஒரு கணவாயின் உயரம். 1861ல் டார்வின் தன் நண்பரான நிலவியலாளர் லயலுக்கு எழுதினார்: என் கட்டுரை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே பெரும் பிழை. பின்னாளில் தன்வரலாற்றில், விலக்கல் முறையை அறிவியலில் ஒருபோதும் நம்பாதே என்று இது கற்றுத் தந்ததாகச் சொன்னார்.

அது என்ன விலக்கல் முறை? எனக்குத் தெரிந்த காரணங்களை வரிசையாக வைக்கிறேன், ஒவ்வொன்றாகத் தள்ளுகிறேன், கடைசியில் மிஞ்சுவது உண்மை. கெல்வின் செய்ததும் இதேதான். பட்டியலில் இல்லாத காரணத்தை யார் தள்ளுவது, யார் சேர்ப்பது? டார்வினின் பட்டியலில் பனி இல்லை. கெல்வினின் பட்டியலில் புரளும் பாறை இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: சூரியனின் வயதைப் பற்றி எழுதும்போது கெல்வின், படைப்பின் களஞ்சியத்தில் நாம் இன்னும் அறியாத வெப்ப மூலங்கள் இருந்தாலொழிய என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கதவைச் சாத்தினாலும் தாழ் போடவில்லை. அந்த நேர்மை பெரிது.

இவ்வளவையும் மாப்பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது காற்று நின்றது. நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் கிளம்பின. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு, ஆயிரக்கணக்கில், காதுக்குள், சட்டைக் காலருக்குள், இமையில். வலைத்துணியால் முகத்தை மூடியிருந்த ஒரு பெரியவர் தன் பையிலிருந்து பூச்சித் தைலத்தை எடுத்து, கேட்காமலே எங்கள் இருவர் கையிலும் அடித்துவிட்டு, "இப்போது ஓடுங்கள்" என்றார். ஓடினோம். இரவு தங்கிய வீட்டில் கழுத்தெல்லாம் தடிப்பு. அந்த வீட்டம்மா கொடுத்த கஞ்சியில் உப்பு மட்டும்தான், சர்க்கரை கேட்டதும் முகம் மாறியது. உப்போடேயே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11

நாள் முழுக்க மழை. எங்கும் போகவில்லை.

ஜூன் 12, ஷீஹாலியன்

இந்த மலையைப் பார்க்கத்தான் முக்கியமாக வந்தேன். 1083 மீட்டர். மேற்கிலிருந்து பார்த்தால் கோலப்பொடியைக் கொட்டிவைத்தாற்போல் கூம்பாக நிற்கும் என்று படங்களில் பார்த்திருந்தேன். இன்று பாதி மலை மேகத்துக்குள்.

பூமியை எடை போட்ட மலை இது. மலைக்குப் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், மலையின் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, மலையின் கனத்தையும் கணக்கிட்டுவிட்டால், பூமியின் கனம் தெரிந்துவிடும். நியூட்டனே யோசித்துப் பார்த்த விஷயம். ஆனால் விலகல் மிகச் சிறியது. 1774ல் அரசவை வானியலாளர் நெவில் மாஸ்கலின் இங்கே வந்து மலையின் வடக்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும் குடிசை போட்டு, விண்மீன்களை ஒப்பிட்டு அளந்தார். நிலத்தை அளந்து பார்த்தால் இரண்டு இடங்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 42.94 விகலை. தூக்குக்குண்டை நம்பினால் 54.6 விகலை. நடுவே உள்ள 11.6 விகலைதான் மலை இழுத்த இழுப்பு. ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை. அதுவும் இந்த மழையில், இந்த மேகத்தில், வானம் எப்போது திறக்கும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து.

மலையின் கன அளவைக் கணக்கிடும் வேலை சார்ல்ஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியருக்கு வந்தது. ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். இன்று மாப்பிள்ளை தினமும் பார்க்கும் சமவுயரக் கோடு வரைபடம் அந்த வேலையில்தான் வேரூன்றியது. கீழே வண்டியை விட்டு ஏறத் தொடங்கியபோது இதைச் சொன்னேன். மனிதர் செல்போனில் மலையின் வரைபடத்தைத் திறந்து, அதே கோடுகளின்மேல் நாம் நிற்கும் நீலப்புள்ளியைக் காட்டி, "இது இங்கதான் பொறந்துச்சா மச்சான்?" என்றார். அவர் அவ்வளவு நெகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

ஹட்டனின் விடை: பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல 4.5 மடங்கு. மலைப்பாறை 2.5 மடங்கு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பின்னால் ஜான் பிளேஃபேர் மலையின் பாறைகளை வகைவகையாக ஆராய்ந்தார். திருத்திய விடை 4.56க்கும் 4.87க்கும் இடையே. இதற்கிடையில் 1798ல் ஹென்றி கேவெண்டிஷ் மலையே இல்லாமல், அறைக்குள் ஈயக் குண்டுகளை வைத்து அளந்து 5.48 என்று வெளியிட்டார். அதில் ஒரு கணக்குப் பிழை இருந்தது, திருத்தினால் 5.448. இன்றைய மதிப்பு 5.51.

4.5, 4.87, 5.45, 5.51. இந்த வரிசை கெல்வினின் வரிசைபோல் இல்லை, நிஜமாகவே நெருங்குகிறது. என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது: கெல்வினிடம் ஒரே வழிதான் இருந்தது, அதே வழியில் மேலும் கவனமாக நடந்தார். அடர்த்திக்கு இரண்டு வழி. மலையும் ஈயக்குண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒன்றில் உள்ள பிழை மற்றொன்றில் இருக்க நியாயமில்லை. அப்படியும் இரண்டும் ஒரே பக்கம் வந்தால் நம்பலாம்.

உச்சிக்குப் போகவில்லை. மேலே பாதை முடிந்து பெரிய பெரிய படிகக்கற்களாகக் கிடக்கின்றன. ஈரத்தில் ஒன்றில் வழுக்கி முழங்காலில் நல்ல அடி. எதிரே இறங்கி வந்த ஒரு தம்பதி உட்காரவைத்து, பேண்டேஜ் ஒட்டி, பையிலிருந்து சாக்லேட் கொடுத்து, தங்கள் ஊன்றுகோல் ஒன்றையும் தந்து கீழே வண்டி நிற்கும் இடத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் வண்டி எது என்று சொல்லிவிட்டு, நாங்கள் மெதுவாக வரட்டும் என்று முன்னே போகாமல் பின்னாலேயே வந்தார்கள். இரவு அபர்ஃபெல்டியில் ஹாகிஸ் சாப்பிட்டேன்: ஆட்டு ஈரல், நுரையீரல், ஓட்ஸ், தூக்கலான மிளகு. இரண்டாவது தட்டு வாங்கினேன்.

ஜூன் 13, எடின்பரோ

முழங்கால் வீக்கம். இருந்தாலும் ஹோலிரூட் பூங்காவில் சாலிஸ்பரி செங்குத்துப் பாறைகளை அடியிலிருந்து பார்த்தேன். படிவுப்பாறை அடுக்குகளுக்குள் கரும்பாறை புகுந்து, அடுக்கைப் பெயர்த்து வளைத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் ஜேம்ஸ் ஹட்டன் (கணக்கு ஹட்டன் அல்ல, இவர் மருத்துவம் படித்து விவசாயம் செய்தவர்) இந்தக் கரும்பாறை உருகிய நிலையில் கீழிருந்து புகுந்தது என்றார். பாறையெல்லாம் ஆதிக்கடலில் படிந்தவை என்பது அன்றைய எதிர்க்கட்சி. ஹட்டன் இறந்து ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து இங்கே படிக்க வந்த டார்வினுக்கு, இதே பாறைகள் முன்னால் நின்று, இந்தப் பிளவு மேலிருந்து வண்டல் விழுந்து நிரம்பியது என்றுதான் பேராசிரியர் பாடம் நடத்தினார். ஆதாரம் கண்முன்னே இருந்தாலும் கருத்து மாற ஒரு தலைமுறை ஆகிறது.

கால்டன் குன்றுக்கும் போனோம். கெல்வின் தன் கணக்குக்கு எடுத்துக்கொண்ட பாறை வெப்பக்கடத்தல் அளவுகளில் ஒரு பகுதி, ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் இந்தக் குன்றின் பாறைக்குள் புதைத்துவைத்த வெப்பமானிகளிலிருந்து வந்தது. அந்த அளவுகள் நல்ல அளவுகள். அளவு சரி, கணக்கும் சரி, கருதுகோள் மட்டும் தவறு. இரண்டாம் உலகப்போரின்போது இதே எடின்பரோவுக்குப் பேராசிரியராக வந்தவர் ஆர்தர் ஹோம்ஸ். யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்துப் பாறைகளின் வயதை 1911லிருந்தே கணித்து வந்தவர். பூமியின் உட்பகுதி புரள்வதுதான் கண்டங்களை நகர்த்துகிறது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவரும் அவரே. பெர்ரியின் குழம்பு மீண்டும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு 1956ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்புகள், ருபிடியம், சமாரியம் என்று தனித்தனி வேகத்தில் ஓடும் கடிகாரங்கள் ஒரே நேரம் காட்டுகின்றன.

மதியம் புகையில் வாட்டிய மீனும் உருளைக்கிழங்கும் போட்ட கல்லன் ஸ்கிங்க் சூப், 9 பவுண்டு. பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது.

ஜூன் 15, சிக்கர் பாயின்ட்

ரயிலில் டன்பார், அங்கிருந்து டாக்ஸி. டிரைவர் "இந்தக் கல்லைப் பார்க்கவா இந்தியாவிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், தான் இதே ஊரில் பிறந்தும் கீழே இறங்கியதில்லை என்று சொல்லி, மீட்டரை நிறுத்திவிட்டு, காய்கறி பொதியும் ஆலையைத் தாண்டி வேலி ஓரம்வரை கூடவே நடந்து வந்தார். காற்று ஆளைத் தள்ளியது. கடைசிச் சரிவு செங்குத்தான புல். முழங்காலோடு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

கீழே, கடலோரத்தில், சாம்பல்நிறக் கிரேவாக் பாறை அடுக்குகள் புத்தக அலமாரியில் நிறுத்திய புத்தகங்களாக நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல், ஏறக்குறையப் படுக்கையாக, செம்மணற்கல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கையை வைத்தேன். கீழ்விரல் படும் பாறை சுமார் 43 கோடி ஆண்டு, மேல்விரல் படுவது சுமார் 37 கோடி. சந்திப்பில் உடைந்த சாம்பல் கற்கள் செம்மணலுக்குள் பதிந்திருக்கின்றன. கடலடியில் சேறு படிய வேண்டும், கல்லாக வேண்டும், நிமிர வேண்டும், மலையாக உயர்ந்து தேய்ந்து தரையாக வேண்டும், அப்புறம்தான் அதன்மேல் அந்த மணல். 1788ல் ஜேம்ஸ் ஹட்டன் படகில் வந்து இதைக் காட்டியபோது கூட இருந்தவர் பிளேஃபேர், அதே ஷீஹாலியன் பிளேஃபேர். காலத்தின் பாதாளத்தை இவ்வளவு தூரம் எட்டிப் பார்த்ததில் மனம் கிறுகிறுத்தது என்று பின்னால் எழுதினார்.

ஹட்டனிடம் எண் எதுவும் இல்லை. எது முன், எது பின் என்ற வரிசை மட்டும்தான் இருந்தது. அந்த வரிசை இன்றும் அசையவில்லை. அசைந்தவையும் உண்டு. மணல் கல்லாக இறுகியது பூமியின் உள்வெப்பத்தால் என்று அவர் நம்பினார். பெரும்பாலும் நீரில் கரைந்து வந்த கனிமங்கள்தான் மணலை ஒட்டிப் பிடிக்கின்றன என்று இன்று தெரியும். தோற்றுப்போன தண்ணீர்க் கட்சியிடமும் ஒரு பிடி உண்மை இருந்தது. தொடக்கத்தின் சுவடும் இல்லை, முடிவின் அறிகுறியும் இல்லை என்றார் ஹட்டன். தொடக்கத்தின் சுவடு பிறகு விண்கற்களில் கிடைத்தது.

திரும்பும் ரயிலில் பொட்டலம் பிரித்து மீனும் சிப்ஸும் தின்றுகொண்டே மாப்பிள்ளை கேட்டார்: "சரி மச்சான், ரெண்டு வழியும் சேந்தா நம்பலாம்ங்கிறீங்க. சேரலேன்னா?"

அதற்கு இப்போதே ஓர் உதாரணம் இருக்கிறது. பிரபஞ்சம் விரியும் வேகத்தை, அது இளமையாக இருந்தபோது கிளம்பிய ஆதி ஒளியின் மிச்சத்திலிருந்து கணித்தால் சுமார் 67 வருகிறது. அருகிலுள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்புகளையும் வைத்து அளந்தால் சுமார் 73. ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது அதன் அலகு. இரண்டு பக்கமும் வரம்பைச் சுருக்கிக்கொண்டே வருகிறார்கள், இடைவெளி மட்டும் மூடவில்லை.

"ரெண்டு பேரும் சரியா அளந்திருந்தா, நடுவுல யாரோட பட்டியல்லயும் இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

இருக்கலாம். அல்லது ஏதோ ஒரு பக்கம் வெறும் அளவைப் பிழையாகவும் இருக்கலாம். நான் ஓய்வுபெற இன்னும் 6 வருஷம் இருக்கிறது. அதற்குள் விடை தெரிந்து, அதையும் வகுப்பில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.